அட்ரினல் கட்டிக்கு ரோபோவா, லேப்ராஸ்கோபியா?

வடசென்னைக் கொடுங்கையூரில் முப்பது வயதுக்காரர் ஒருவருக்கு மூன்று வகை மாத்திரை போட்டும் பிரஷர் அடங்கவில்லை, ஸ்கேனில் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். "ரோபோ ஆபரேஷன் செய்யலாமா டாக்டர்?" என்று வீட்டார் கேட்கும் காலம் இது. 2022 மார்ச்சில் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ரோபோ அறுவை சிகிச்சை மையம் திறந்த பிறகு, வடசென்னைக்காரருக்கும் அது எட்டாத பேச்சில்லை. ஆனாலும் அட்ரினலைப் பொறுத்தவரை, பெரும்பாலோருக்குச் சிறு துளைகள் வழியே கருவி விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியே போதும் என்பேன்.

அட்ரினல் சில கிராம் எடையுள்ள சுரப்பி. அதை எடுப்பதில் சிரமமான இடம் சிரைதான். வலப்பக்கச் சிரை மிகக் குட்டை. நேரே கீழ்ப்பெருஞ்சிரையில் போய்ச் சேரும். கிளிப் வழுக்கினால் ரத்தம் பீறிடும். லேப்ராஸ்கோபிக் கருவியோ நேரானது, வளையாது. கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் முனை வலப்பக்கம் போகும். ரோபோவின் முனை மணிக்கட்டுபோல் திரும்பும், கைநடுக்கம் முனைவரை போகாது, காட்சியும் முப்பரிமாணம். ஆனால் பெரும்பாலான ரோபோக்களில் திசு எவ்வளவு இழுபடுகிறது என்பது விரலுக்குத் தெரியாது. கண்ணால்தான் கணிக்க வேண்டும்.

1992-இல் கனடாவின் மிஷெல் கான்யே லேப்ராஸ்கோபி வழியாக அட்ரினலை எடுத்ததை வெளியிட்டார். வயிற்றைப் பெரிதாகத் திறந்த காலம் அதோடு மாறத் தொடங்கியது. நோயாளிக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான். ரோபோ அதற்குமேல் கொடுப்பது கொஞ்சமே. இத்தாலியின் டூரினில் 20 பேரை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு 2004-இல் வந்தது: ரோபோவுக்கு நேரமும் செலவும் கூடின, 10 பேரில் 4 பேருக்கு நடுவிலேயே லேப்ராஸ்கோபிக்கு மாற வேண்டியிருந்தது. பின்னர் வந்த தொகுப்பாய்வுகளில் ரத்த இழப்பும் ஆஸ்பத்திரியில் படுக்கும் நாட்களும் ரோபோவில் சற்றுக் குறைந்தன. சிக்கல்களில் பெரிய வேறுபாடு இல்லை.

ரோபோவுக்கு நான் தயங்காமல் வாக்களிக்கும் இடமும் உண்டு. பரம்பரை நோயால் இரண்டு பக்கமும் கட்டி வந்தவருக்கு, நல்ல பகுதியை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் செதுக்க வேண்டியிருக்கும். இரண்டையும் முழுதாக எடுத்தால் ஆயுள் முழுக்க ஸ்டீராய்டு மாத்திரைதான். உடல் மிகப் பருத்தவருக்கும் ரோபோ கைகொடுக்கலாம். புற்றுநோய் என்று வலுவான சந்தேகம் இருந்தால் வயிற்றைத் திறப்பதே நல்லது.

கட்டி, பிரஷரை ஏற்றும் ஹார்மோன்களைச் சுரக்கும் ஃபியோக்ரோமோசைட்டோமா என்றால், எந்த முறையானாலும் ஓரிரு வாரம் முன்பே ஆல்ஃபா தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். கட்டியைத் தொட்டாலே பிரஷர் எகிறும், சிரையை அடைத்ததும் சரியும். ஆகவே அந்த வீட்டார் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: இதுவரை எத்தனை அட்ரினல் எடுத்திருக்கிறீர்கள்? மயக்க மருந்து நிபுணர் இந்தக் கட்டியோடு பழகியவரா?