ஆட்டமில்லாத காணொளி: சிறிய கேமரா வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

தைப்பூசத்தின்போது பத்துமலையில் காவடி எடுக்கும் உறவினரைப் படம்பிடிக்க இப்போது பலர் சிறிய ஆக்‌ஷன் கேமராவையோ கிம்பல் கேமராவையோ கொண்டு வருகிறார்கள். இரண்டுமே ஆட்டத்தைக் குறைக்கும். குறைக்கும் விதம்தான் வேறு. இரவில் புறப்படும் வெள்ளி ரதத்தையும், விடியுமுன் படியேறும் காவடிகளையும் எடுக்க நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

ஆக்‌ஷன் கேமராக்களில் உள்ளது மின்னணு நிலைப்படுத்தல். உள்ளிருக்கும் ஜைரோ உணரி, கேமரா எந்தப் பக்கம் எவ்வளவு ஆடியது என்று அளக்கும். மென்பொருள் காட்சியின் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, மீதியை எதிர்ப்பக்கமாக நகர்த்தி ஆட்டத்தை மறைக்கும். 2018இல் கோப்ரோ ஹீரோ 7 பிளாக்குடன் வந்த ஹைப்பர்ஸ்மூத், டிஜேஐயின் ராக்ஸ்டெடி, இன்ஸ்டா360இன் ஃபுளோஸ்டேட் எல்லாம் இந்த வகைதான். அசையும் பாகம் இல்லாததால் மழை, நீச்சல், மோட்டார் சைக்கிள் அதிர்வு என எல்லாவற்றையும் இவை தாங்கும்.

ஆனால் வெளிச்சம் வேண்டும். இருட்டில் ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் கேமரா கூடுதல் நேரம் ஒளியை வாங்குகிறது. அதற்குள் கை ஆடினால் அந்தச் சட்டமே மங்கலாகப் பதிவாகிவிடும். மென்பொருள் சட்டத்தை நகர்த்தலாம். மங்கலை அழிக்க முடியாது. இரவுக் காணொளியில் காட்சி அசையாமல் நிற்க, விளக்குகள் மட்டும் துடிதுடிப்பது இதனால்தான். விலை உயர்ந்த ஆக்‌ஷன் கேமராவிலும் இந்தக் குறை முழுமையாகத் தீர்ந்துவிடவில்லை.

கிம்பல் கேமராவில் மூன்று மோட்டார்கள் லென்ஸையே பிடித்து நிறுத்துகின்றன. ஒளி பதிவாகும்போதே லென்ஸ் ஆடாமல் இருப்பதால் இருட்டிலும் தெளிவு கிடைக்கும். 2023இல் வந்த டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3இல் 1 அங்குல உணரியும் இருப்பது இரவுக்குக் கூடுதல் பலம். எனினும் நடக்கும்போது உடல் மேலும் கீழும் எழுந்து தாழ்வதை அந்த மோட்டார்கள் சரிசெய்யாது. 272 படிகளில் இது நன்றாகவே தெரியும். முழங்காலைச் சற்று மடக்கி, பாதத்தை மெதுவாக ஊன்றி ஏற வேண்டும். கேமராவுக்கு நீர்ப்பாதுகாப்பும் இல்லை. மழை மட்டுமல்ல, பக்கத்தில் வரும் பால்குடமும் ஆபத்துதான்!

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எனவே இரவில் வினாடிக்கு 25 சட்டங்கள், ஷட்டர் 1/50 என வைத்தால் விளக்குகள் பெரும்பாலும் மினுக்காது. பகல் வெயிலில் ஆக்‌ஷன் கேமராவுக்கு இதைவிட வேகமான ஷட்டரே நல்லது.

கணினியில் உட்கார நேரம் உள்ளவர்களுக்கு கைரோஃபுளோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஜைரோ தரவைச் சேமிக்கும் கேமராவில் நிலைப்படுத்தலை அணைத்துவிட்டுப் பதிவுசெய்து, பிறகு இதில் சரிசெய்யலாம்.

கைப்பேசியே போதும் என்பவர்கள், அதை மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் நேரடியாகப் பொருத்த வேண்டாம். இயந்திரத்தின் பலத்த அதிர்வு தொடர்ந்து பட்டால் ஐபோன் கேமராவின் நிலைப்படுத்தும் பாகம் பாதிக்கப்படலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது.