அம்பாசிடரில் இருந்து எர்டிகா வரை: ஏழு பேருக்கு ஒரு பழைய வண்டி

மக்களே, ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு நினைச்சிருப்பீங்க. அதெல்லாம் எப்பவும் இருக்கிறதுதான். உண்மையான காரணம், வண்டி தேடிக்கிட்டு இருந்தேன். பழைய வண்டி. பெரிய வண்டி. பெட்ரோல் போட்டே போண்டி ஆகாத வண்டி. இந்த மூணும் ஒண்ணா கிடைக்குமாங்கிறதுதான் கேள்வி.

வீட்டுல அப்பா, அம்மா, நான், தங்கமணி, அக்கா, அக்கா பசங்க ரெண்டு பேர். மொத்தம் ஏழு. மாமா துபாய்ல. இருக்கிறது ஒரு சின்ன கார். கோவில்பட்டி பக்கத்துல இருக்கிற குலதெய்வம் கோயிலுக்குப் போகணும்னா ரெண்டு பேர் ரயில்ல, மீதிப் பேர் கார்ல. போன வருஷம் அப்பாவுக்கு இடுப்புல ஆபரேஷன். அதுக்கப்புறம் சின்ன காரின் பின் சீட்டுல மடங்கி உட்கார அவரால முடியலை. மாசத்துக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரி. சரி, பெரிசா ஒண்ணு வாங்கிடுவோம்னு ஏழு லட்சம் பட்ஜெட் போட்டேன்.

அப்பா ஒரே வார்த்தைல முடிச்சிட்டார். "வாங்கினா இன்னோவா வாங்கு. இல்லைன்னா விட்டுடு."

நம்மதான் பொட்டி தட்டுற ஆளாச்சே, உடனே எக்செல் ஷீட்டைத் திறந்தேன். ஷீட்டு வளர வளர ஒரு விஷயம் புரிஞ்சுது. இது வண்டிக் கணக்கே இல்லை, வரலாற்றுக் கணக்கு. அதனால கொஞ்சம் கொசுவர்த்தி சுத்துறேன், பொறுத்துக்குங்க.

பெரிய வண்டின்னா அம்பாசிடர்

மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி தயாரித்த அம்பாசிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழிவந்தது. 1950-களின் கடைசியில் ஆரம்பித்து 2014 மே மாதம் வரை அந்த ஆலையில் வண்டி வந்துகொண்டிருந்தது. இடையில் இன்ஜின் மாறியது, முகப்பு மாறியது, உடம்பு மட்டும் பெரிசாக மாறவில்லை. பழைய மாடல்களில் முன்னாடியும் பெஞ்சு மாதிரி நீள சீட்டு, கியர் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும். முன்னாடி மூணு, பின்னாடி நாலு, மடியில் குழந்தைகள். கல்யாண வீட்டுக்கு ஒரு வண்டி போதும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் நடுத்தரக் குடும்பம் சின்ன கார் பக்கம் திரும்பியது. பெரிய கார் செய்கிறேன் என்று அந்த சமயத்தில் இறங்கிய ஒரு கம்பெனி நம்ம சென்னையில் இருந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு கார் விட்டார்கள். உடம்பு பிரிட்டிஷ் ரோவர் எஸ்டி1, பார்க்க ராஜா மாதிரி இருக்கும். உள்ளே இருந்ததோ பழைய ஸ்டாண்டர்டு வான்கார்டு காலத்து 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். விலை அதிகம், வேகம் கம்மி, பெட்ரோலைக் குடிக்கும். 1988-ல் தயாரிப்பு நின்றுபோனது.

இதுல ஒரு பாடம் இருக்கு. நம்ம ஊர்ல பெரிய கார் ஓடுமா ஓடாதாங்கிறதை முடிவு பண்றது உடம்பு இல்லை, டேங்க்ல என்ன ஊத்துறோங்கிறதுதான்.

டீசல் போட்ட பிச்சை

லாரி, பஸ், டிராக்டர், விவசாய பம்ப்செட் எல்லாம் டீசலில் ஓடுகின்றன. டீசல் விலை ஏறினால் காய்கறி விலையும் ஏறும். அதனால் அரசாங்கம் பல வருஷமாக டீசலைப் பெட்ரோலைவிட நல்ல மலிவாகவே வைத்திருந்தது. அந்தச் சலுகை லாரிக்காக வந்தது. குடும்ப வண்டி அதுல நைசா ஏறி உட்கார்ந்துக்கிச்சு.

1994-ல் டாடா சுமோ வந்தது. (பெயர் ஜப்பான் பயில்வான் இல்லைங்க, டாடா மோட்டார்ஸை வளர்த்த சுமந்த் மூல்காவ்கர் பெயரின் முதல் எழுத்துகள்.) 2 லிட்டர் டீசல், பின்னாடி எதிரெதிர் பெஞ்சு, ஏறினால் பத்து பேர். 2000 ஜனவரியில் டொயோட்டா, பெங்களூர் பக்கம் பிடதி ஆலையில் இருந்து குவாலிஸை இறக்கியது. அது இந்தோனேசியாவில் 1977 முதல் ஓடிக்கொண்டிருந்த கிஜாங் வண்டியின் வாரிசு. பார்க்க ரொட்டிப் பெட்டி மாதிரி இருக்கும். ஆனால் நின்னு பேசியது அதன் 2.4 லிட்டர் டீசல் இன்ஜின். 2005-ல் நல்லா வித்துக்கிட்டிருந்த குவாலிஸை நிறுத்திட்டு, பிப்ரவரியில் இன்னோவாவைக் கொண்டு வந்தார்கள். 2.5 லிட்டர் டீசல்.

கால் சென்டர் பசங்களை ராத்திரி வீட்டுல இறக்கி விட்டது இந்த சுமோவும் குவாலிஸும்தான், ஞாபகம் இருக்கா? இங்கேதான் பழைய வண்டி வாங்குறவங்களுக்கு ஒரு பொறி இருக்கு. நம்ம ஊர்ப் பெரிய வண்டிகள்ல கணிசமானது டிராவல்ஸ்ல உழைச்ச வண்டி. 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் நீளம், 1200 சிசிக்குள் பெட்ரோல் அல்லது 1500 சிசிக்குள் டீசல் என்று இருந்தால் சின்ன கார், கலால் வரி 24-லிருந்து 16 சதவீதம் என்று ஆக்கினார்கள். டிக்கியை வெட்டிக் குட்டையாக்கிய கார்கள் எல்லாம் அப்புறம் வந்தவைதான். குடும்பங்கள் புதுசா வாங்கினது சின்ன கார். பெரிசைப் புதுசா வாங்க, அதை வெச்சு சம்பாதிக்கிற ஆளுக்குத்தான் கட்டுப்படியாச்சு. பத்து வருஷம் கழிச்சு அதுதான் 'ஒரே ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி'ன்னு நம்மகிட்ட வருது :)

விலை திரும்பின கதை

2010 ஜூனில் பெட்ரோல் விலையை அரசு அவிழ்த்து விட்டது. டீசலை விடவில்லை. விளைவு, 2012 மே மாசம் தில்லியில் பெட்ரோல் 73.18 ரூபாய், டீசல் 40.91 ரூபாய். லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்! அந்த வருஷம் ஏப்ரலில்தான் மாருதி எர்டிகாவும் வந்தது. அதன் டீசல் இன்ஜின் ஃபியட்டிடம் உரிமம் வாங்கித் தயாரித்த 1.3 லிட்டர். அப்போ பெட்ரோல் கார் வாங்கினவனைப் பார்த்து ஊரே சிரிச்சுது.

2013 ஜனவரியில் இருந்து மாசா மாசம் 50 பைசா போல டீசலை ஏற்ற ஆரம்பித்தார்கள். 2014 அக்டோபரில் டீசலையும் முழுசாக அவிழ்த்து விட்டார்கள். 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தில்லி வட்டாரத்தில் 2000 சிசிக்கு மேற்பட்ட டீசல் கார்களைப் பதிவு செய்யத் தடை போட்டது. 2016 ஆகஸ்டில் 1 சதவீத வரியோடு விலக்கினார்கள். அதே மாதம் இன்னோவா கிரிஸ்டாவில் பெட்ரோல் மாடல் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததும் மாருதி டீசலையே கைவிட்டது. 2020 ஜூனில் தில்லியில் டீசல் விலை பெட்ரோலையே தாண்டியது.

ஒரு கம்பெனி போய்ட்டா என்ன ஆகுங்கிறதுக்கும் உதாரணம் இருக்கு. ஷெவர்லே டவேரா, 2004-ல் வந்த நல்ல உழைப்பாளி வண்டி. 2013-ல் புகை விதி மீறலுக்காக 1.14 லட்சம் டவேராக்களைக் கம்பெனி திரும்ப அழைத்தது. 2017 கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் விற்பனையையே நிறுத்திவிட்டது. வண்டி மட்டும் நம்ம ரோட்டுல அனாதையா ஓடிக்கிட்டிருக்கு. மலிவா கிடைக்குதேன்னு கேட்டப்போ எங்க தெரு மெக்கானிக் அண்ணன் சொன்னார், "தம்பி, வாங்குறப்போ லாபம்தான். அப்புறம் ஒவ்வொரு சாமானுக்கும் புதுப்பேட்டை சுத்தணும், பரவாயில்லையா?"

இப்போ கணக்கு

எங்க ஓட்டம் வருஷத்துக்கு 9,000 கி.மீ. டீசல் இன்னோவா லிட்டருக்கு 11, பெட்ரோல் எர்டிகா 14 தரும்னு வெச்சுக்குவோம் (ஓட்டுற நண்பர்கள் சொன்ன நடைமுறைக் கணக்கு, விளம்பரக் கணக்கு இல்லை). அப்போ வருஷத்துக்கு டீசல் 818 லிட்டர், பெட்ரோல் 643 லிட்டர்.

2012 மே மாச தில்லி விலையில்: இன்னோவாவுக்கு சுமார் 33,500 ரூபாய், எர்டிகாவுக்கு சுமார் 47,000.

2025 சென்னை விலையில் (டீசல் சுமார் 92, பெட்ரோல் சுமார் 101): இன்னோவாவுக்கு சுமார் 75,000, எர்டிகாவுக்கு சுமார் 65,000.

நல்லா பாருங்க. வண்டி அதே வண்டி, மைலேஜ் அதே மைலேஜ். 2012-ல் இன்னோவா வருஷத்துக்கு 13,500 ரூபாய் மிச்சம் பண்ணிக் கொடுத்துச்சு. 2025-ல் அதே இன்னோவா 10,000 ரூபாய் கூடுதலாக் கேட்டுச்சு. அப்பா சொன்னது தப்பில்லை. 2012-ல் சரியா இருந்த பதிலைச் சொன்னார், அவ்வளவுதான். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலால எர்டிகா மைலேஜ் கொஞ்சம் குறையும். அதுக்காக 14-ஐ 13 ஆக்கிப் பார்த்தாலும் வருஷச் செலவு 70,000-க்குள்ளதான் நிக்குது.

இது எரிபொருள் மட்டும். என் பட்ஜெட்டில் வந்த இன்னோவாக்கள் 2012 மாடல். 2027-ல் 15 வயசு, மறுபதிவு பண்ணணும். 2022 ஏப்ரலில் கார்களுக்கான அந்தக் கட்டணத்தை 600-லிருந்து 5,000 ரூபாய் ஆக்கிட்டாங்க. அது போக எஃப்.சி., பசுமை வரி. இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச் எல்லாம் வயசுக்கு வந்த நேரம். சரி, புது டீசல்னு போனா, பி.எஸ். 6 டீசல் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கிற வடிகட்டி இருக்கும். நீளமா ஓடினாத்தான் அந்தக் கரி சூட்டுல எரியும். ஆஸ்பத்திரிக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டினா அடைச்சுக்கும். நம்ம ஓட்டத்துக்கு ஆகாது. மாசம் 2,000 கி.மீ. ஓட்டுறவங்களுக்கு, முழு சர்வீஸ் ரெக்கார்டோட கிடைச்சா இன்னோவா இன்னைக்கும் ராஜாதான். அதையும் சொல்லிடணும்.

நடுவுல ஒரு யார்டுல ஏமாறத் தெரிஞ்சேன். பெரிய டீசல் வண்டி, மீட்டர்ல 82,000 கி.மீ. பளபளன்னு இருந்துச்சு. அட்வான்ஸ் கொடுக்க பர்ஸைத் திறந்தாச்சு. மெக்கானிக் அண்ணன் கிளட்ச் பெடலைக் குனிஞ்சு பார்த்துட்டு, "ரப்பர் வழுக்கையா இருக்கு தம்பி, சர்வீஸ் ரெக்கார்டு கேளு"ன்னார். ரெண்டு வருஷம் முன்னாடியே சர்வீஸ்ல 2,10,000-னு பதிவாகி இருந்துச்சு. ஆர்.சி. விவரத்தைத் தோண்டினா முன்னாடி மஞ்சள் போர்டு. யார்டுக்காரர் அசராம, "எல்லாரும் பண்றதுதான் சார்"னார்.

கடைசியா ஒரு 2019 பெட்ரோல் எர்டிகா பார்த்தோம். பேங்க் ஊழியர், ஒரே ஓனர், 54,000 கி.மீ., எல்லா பில்லும் ஃபைல்ல. ரெண்டு பேர் நேரடியா முடிக்கிறதால நடுவுல டீலர் லாபமும் இல்லை, அதுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. அப்பா மட்டும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்னார். ஷீட்டைக் காட்டினேன், பார்க்கலை.

"கணக்கு சரிதான்டா. உங்க தாத்தாவுக்கு நெஞ்சு வலி வந்தப்போ அம்பாசிடர் பின் சீட்டுல படுக்க வெச்சுத்தான் மதுரைக்குக் கொண்டு போனோம். அவர் பொழச்சார். இதுல ஒரு ஆள் படுக்க முடியுமா?"

எனக்கு அப்பத்தான் விளங்குச்சு. அவர் இன்னோவா கேட்கவே இல்லை. நான் கணக்கு போட்டுக்கிட்டிருந்தது லிட்டரை, அவர் கணக்கு போட்டுக்கிட்டிருந்தது அந்த ராத்திரியை.

நடு சீட்டுல நான் உட்கார வெச்சேன். தரை உயரம் கம்மி, இடுப்பை மடக்காம உட்கார்ந்து அப்படியே திரும்பினார். அப்புறம் காலை லேசா மடக்கி நடு சீட்டு முழுக்க சாய்ஞ்சு படுத்துப் பார்த்தார். வித்தவர் என்னடா இதுன்னு முழிச்சார். அப்பா ஒரு நிமிஷம் கூரையையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு எழுந்து, "பேப்பரை எல்லாம் சரி பார்த்துக்கோ"ன்னார்.

அவர் பாஷைல அதுக்கு சம்மதம்னு அர்த்தம்.

அடுத்த மாசம் கோயிலுக்குப் போறோம், ஏழு பேரும் ஒரே வண்டில. கடைசி சீட்டுல அக்கா பசங்க. பெட்டிங்களை எங்க வைக்கிறதுன்னுதான் இன்னும் தெரியலை. மேல கேரியர் போட்டவங்க யாராவது இருந்தா சொல்லுங்கப்பா.

டிஸ்கி: வண்டி பார்க்கப் போறப்போ எக்செல் ஷீட்டோட மெக்கானிக்கையும் கூட்டிட்டுப் போங்க. வீட்டுப் பெரியவங்களையும் தான்.