தங்கத்துக்குப் பக்கத்தில் கடிகாரம்

1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 123-வது பிரிவு கொஞ்சம் வேடிக்கையானது. கடத்தல் சரக்கு என்ற சந்தேகத்தில் அதிகாரிகள் ஒரு பொருளைப் பறிமுதல் செய்தால், அது கடத்தி வந்ததல்ல என்று நிரூபிப்பது வைத்திருந்தவர் பாடு. எந்தப் பொருளுக்கு இந்தக் கெடுபிடி? தங்கம், தங்கத்தில் செய்தவை, அடுத்தது கடிகாரம். மற்றவற்றை அரசு அறிவிக்கை போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுவது இவற்றைத்தான்.

எண்பதுகளின் ஜப்பானியக் குவார்ட்ஸ் கிரோனோகிராப்களை, அதாவது ஸ்டாப்வாட்ச் சேர்ந்த கைக்கடிகாரங்களை, தேடி அலையும் நம்மூர் சேகரிப்பாளர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை படிக்கலாம். அவர்கள் தேடும் பொருள் இங்கே அரிதானதற்கு ஜப்பானின் சீக்கோ ஆலை குறைவாகச் செய்தது காரணமல்ல; நாட்டைச் சுற்றி நின்ற வரி வேலிதான்.

வரி வேலி என்பது புதுச்சேரிக்குப் பழகிய சங்கதி. குருசுக்குப்பமும் அதை ஒட்டிய கடலோரக் குப்பங்களும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த காலத்தில், பிரிட்டிஷ் இந்தியாவோடு 1941-இல் ஏற்பட்ட சுங்க ஒன்றியம் 1949-இல் முறிந்தது. ஊரைச் சுற்றிச் சாவடிகள் முளைத்தன. மூட்டை முடிச்சுகளை அவிழ்த்துப் பார்த்தார்கள். அப்படியும் தங்கமும் வைரமும் கசிந்தபடிதான் இருந்தன. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியதும் சாவடிகள் போயின. இந்தியா முழுமைக்கும் இருந்த இறக்குமதிக் கட்டுப்பாடு புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்தது.

ஜப்பானியத் தொழில்நுட்பம் இந்த நாட்டுக்குள் நேர்வழியிலும் வந்தது. சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டோடு எச்.எம்.டி. 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஆனால் அது சாவி கொடுக்கும் கடிகாரம். ‘பாரின் வாட்ச்’ வேண்டுமென்றால் வளைகுடாவிலிருந்து மாமா வர வேண்டும், இல்லையென்றால் சிங்கப்பூர் போய்ச் சரக்கு சுமந்துவரும் ‘குருவி’களின் தயவு வேண்டும். அதுவும் இல்லாதவர் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மாவிலிருந்து திரும்பிய அகதிகளுக்காக 1969-இல் உருவான பர்மா பஜாருக்குப் போனார்.

அதே 1969-இன் கிறிஸ்துமஸ் நாளில் டோக்கியோவில் சீக்கோ அஸ்ட்ரான் விற்பனைக்கு வந்தது. உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். விலை 4,50,000 யென். அதில் நேரம் மட்டும்தான் பார்க்கலாம். முள் வைத்த குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் ஸ்டாப்வாட்சும் புகுவதற்கு 1983 வரை ஆயிற்று. அந்த ஆண்டு வந்த 7ஏ28 என்ற சீக்கோ இயந்திரம்தான் இந்தச் சேகரிப்பாளர்களின் குலதெய்வம்.

ஏன் என்பது மூடியைக் கழற்றினால் தெரியும். குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சுற்று அதை எண்ணிக் குறைத்து மோட்டாருக்குத் துடிப்பு அனுப்புகிறது. சாதாரணக் கடிகாரத்துக்கு ஒரு மோட்டார் போதும். 7ஏ28-இல் நான்கு, நொடியில் இருபதில் ஒரு பங்கை அளப்பதற்கும் தனி முள் உண்டு. உடல் முழுக்க உலோகம், 15 கற்கள். பிரித்து, கழுவி, எண்ணெய் விட்டு மறுபடி பூட்டலாம். இத்தாலிய கார் வடிவமைப்பாளர் ஜார்ஜெட்டோ ஜுஜாரோ இதற்கு வரைந்த கூடு ஒன்று 1986-இல் ‘ஏலியன்ஸ்’ படத்தில் சிகோர்னி வீவரின் கையில் ஏறியது. பிரிட்டிஷ் விமானப்படையும் இந்த இயந்திரம் வைத்த கடிகாரங்களை வாங்கிக்கொடுத்தது.

பர்மா பஜார் மவுசுக்கு முதல் அடி ஓசூரிலிருந்து விழுந்தது. டாடாவும் தமிழ்நாட்டின் டிட்கோவும் 1984-இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன், பிரெஞ்சு நிறுவனமான பிரான்ஸ் எபோஷின் தொழில்நுட்பத்தோடு குவார்ட்ஸைக் கடைவீதிக்கே கொண்டுவந்தது. 1991-க்குப் பின் இறக்குமதிப் பூட்டுகளும் தளர்ந்தன. ஒளித்து வாங்கிய கடிகாரங்கள் மேசை அறைக்குள் போயின.

சேதம் அங்கேதான் நடந்தது. தீர்ந்த செல்லை எடுக்காமல் விட்டால் அது ஒழுகிச் சுற்றையும் கம்பிச்சுருளையும் அரித்துவிடும். சாவிக் கடிகாரத்தின் பல்சக்கரத்தைத் தேடிப் பிடிக்கலாம். இந்தச் சுற்றுக்கு மாற்று வேண்டுமென்றால் இன்னொரு செத்த 7ஏ28-ஐத்தான் வாங்க வேண்டும். உப்புக்காற்று வீசும் குருசுக்குப்பம் மாதிரி இடங்களில் கூட்டின் ரப்பர் வளையத்தையும் பார்ப்பது நல்லது. புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிறு சந்தையிலோ வேறெங்கோ ஒன்று கிடைத்தால், பளபளக்கும் முகப்பைக் கண்டு மயங்கக் கூடாது. பழைய ஜப்பானியக் கடிகாரங்களுக்குப் புதுமுகம் அச்சடித்து ஒட்டுவது இந்தியாவில் தனித்தொழில். புது செல் போட்டு மேல் பொத்தானை அழுத்தி முள்ளை ஓடவிட்டு, நிறுத்தி, கீழ்ப் பொத்தானைத் தட்ட வேண்டும். ஸ்டாப்வாட்ச் முட்கள் எல்லாம் சரியாகப் பூஜ்யத்துக்கு வந்து நின்றால் விலை பேசலாம்.