கண்ணாடிச் சமுத்திரத்தில் குடித்தனம்

என் தங்கை வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் நிரப்பியிருப்பது உப்பு ஜலம். கல்லூரியில் படிக்கும் அவள் பிள்ளை உப்பை நிறுத்துக் கலப்பதும், சூட்டை அளப்பதும், விளக்கை ஏற்றி அணைப்பதுமாக அதன் முன்னாலேயே பொழுதைப் போக்குவான். முதலில் ஒரே ஒரு நீல டேம்சல் மீன்தான் அதில் இருந்தது. இரண்டு அங்குலம்கூட இராது. பார்த்தால் பரம சாது. ஒரு மாதம் கழித்து ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் இரண்டை வாங்கி வந்து விட்டான். மறுநாள் காலையில் ஒன்று குழாய்க்குப் பின்னால் செத்துக் கிடந்தது. மற்றதன் வால் கந்தலாகியிருந்தது. "கடைக்காரர் ஒன்றுமே சொல்லவில்லையே, மாமா!" என்று பையன் கண் கலங்கினான்.

அதற்கப்புறம் புத்தகங்களைப் புரட்டித்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டோம். சண்டைக்கார மீனைக் கடைசியில்தான் குடியேற்ற வேண்டும். முதலில் வந்ததற்குத் தொட்டி முழுவதும் பட்டா ஆகிவிடுகிறது. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், ஒரு தொட்டியில் ஆயுள் முழுதும் அடைபடப் போகிற ஜீவன்களுக்கு ஒரு பொருத்தமும் பார்க்காமல் விட்டுவிட்டோம்.

இந்தப் பொருத்தத்தை முதன் முதலில் பார்த்தவர்களின் கதை ருசியானது. அது லண்டனில் தொடங்குகிறது.

1846-இல் அன்னா தைன் என்ற சீமாட்டி டார்க்கீ கடற்கரையில் பவளப்பூச்சிகளைக் கண்டு மயங்கினாள். அவள் கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பெரிய பாதிரியார். பூச்சிகள் வழியில் அடிபடாமல் இருக்க, அவற்றை ஊசி நூலால் கடற்பஞ்சில் தைத்து, கல் ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டு வந்தாள். தினமும் புதுக் கடல் ஜலத்துக்கு அங்கே எங்கே போவது? வேலைக்காரியைத் திறந்த ஜன்னலருகே நிறுத்தி, அரைமணி, முக்கால்மணி நேரம் அதே ஜலத்தை டீ ஆற்றுவது போல் ஆற்றச் சொன்னாள். காற்றுக் கலந்து பூச்சிகள் பிழைத்தன. அடுத்த வருஷம் கடற்பாசியையும் சேர்த்துக்கொண்டாள். சரித்திரம் சீமாட்டியின் பெயரைச் சொல்கிறது. தோள் வலிக்க ஜலம் ஆற்றிய பெண்ணை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை.

ஆனால், இன்னாரோடு இன்னார் வசிக்கலாம் என்று சாஸ்திரமாக ஆராய்ந்தவர் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயனக்காரர். 1849-இல் பன்னிரண்டு காலன் தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும், நாடாவைப் போல் நீண்ட வாலிஸ்னேரியாச் செடியையும் வைத்தார். செடி விடும் பிராணவாயு மீனுக்கு, மீனின் கழிவு செடிக்கு என்பது கணக்கு. கணக்கு சரிதான், ஆயினும் உதிர்ந்த இலைகள் அழுகி ஜலம் கலங்கிற்று. அப்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்றன. அவை இட்ட முட்டைகளும் குஞ்சுகளும் மீன்களுக்கு ஆகாரமாயின. ஜலம் தெளிந்துவிட்டது. ஒரு வீட்டின் க்ஷேமம் எசமானைவிட எச்சில் எடுப்பவளைப் பொறுத்தது என்பது எந்தக் குடும்பஸ்தனுக்கும் தெரியும். அதை ரசாயன சங்கத்தில் 1850-இல் கட்டுரையாக வாசித்தவர் அவர்தான். பிறகு உப்பு ஜலத்திலும் இதே சோதனையைத் தொடர்ந்தார். பச்சை நிறக் கடற்பாசிகளே தொட்டிக்கு உகந்தவை என்று கண்டார்.

மூன்றாமவர் பிலிப் ஹென்றி காஸ். நியூபவுண்ட்லாந்தில் குமாஸ்தா வேலை பார்த்தவர். ஜமைக்காவில் பறவைகளை ஆராய்ந்தவர். 1852-இல் உடம்பு தேறுவதற்காக டெவன் கடற்கரைக்குப் போனவர் பாறைக் குட்டைகளில் தம்மை மறந்தார். லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1853-இல் மீன் மாளிகை திறந்தபோது அதற்கு ஜந்துக்களைப் பிடித்துத் தந்தார். 1854-இல் 'தி அக்வேரியம்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். அந்தச் சொல்லை ஊர் முழுவதும் பரப்பியது அந்தப் புத்தகந்தான். கண்ணாடி வரி 1845-இல் எடுபட்டிருந்தது. ரயில் கடற்கரை வரை ஓடிற்று. கேட்கவேண்டுமா? வரவேற்பறைக்கு வரவேற்பறை சமுத்திரம் வந்துவிட்டது.

காஸ் கண்ட ஒரு சிநேகிதத்தைச் சொல்லியாக வேண்டும். துறவி நண்டு என்ற ஒரு ஜாதி, பிறர் விட்டுப்போன சிப்பிக்குள் குடியிருக்கும். அதில் ஒரு வகைக்கு முதுகுச் சிப்பியின்மேல் ஒரு கடல் சாமந்தி போர்வைபோல் ஒட்டியிருக்கும். சாமந்தியின் விஷக் கைகள் நண்டுக்குக் காவல். நண்டின் சாப்பாட்டில் சிந்துவது சாமந்திக்கு. நண்டு வளர்ந்து பெரிய சிப்பிக்கு மாறும்போது என்ன ஆகும்? 1859-இல் தம் தொட்டியில் பெரிய சிப்பி ஒன்றைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் காஸ். நண்டு வீடு மாறிற்று. பழைய துணையையும் பெயர்த்து எடுத்துத் தன்னோடு கொண்டு போயிற்று. வீடு மாறும்போது கிழட்டு மாமியாரை மறந்துவிட்டுப் போகிற மனிதர்களை நான் அறிவேன்.

கடல் சாமந்தி மோகம் என் தொழிலுக்கும் ஓர் உபகாரம் செய்திருக்கிறது. 1856-இல் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் இந்த ஜந்துக்களைத் தேடி இல்பிரகூமுக்கும் டென்பிக்கும் போனார். கூடவே போய்க் குட்டைகளைத் துழாவிய பெண்மணிதான் பின்னால் ஜார்ஜ் எலியட் என்று பெயர் பெற்றவர். டென்பியில் ஒரு காலை அரைத்தூக்கத்தில்தான் அவருக்கு முதல் கதையின் தலைப்புத் தோன்றியது.

பையனின் கோமாளி மீனுக்கும் சாமந்திதான் வீடு. 1868-இல் கட்பர்ட் காலிங்வுட் என்பவர் சீனக் கடலில் பெரிய சாமந்திக்குள் மீன் புகுந்து விளையாடுவதைக் கண்டு எழுதினார். மற்ற மீன்களைக் கொல்லும் கொடுக்குகளுக்கு நடுவே அது படுத்து உறங்குகிறது. இன்னொரு விசித்திரம்: கூட்டத்தில் பெரியது பெண், அடுத்தது ஆண். பெண் செத்தால் ஆண் பெண்ணாகிவிடும். ஆகையால் ஒன்று பெரிது, ஒன்று சிறிதாக வாங்கினால் போதும். ஜோடி தானாக அமையும். நம் ஜோசியர்களுக்குக்கூட இத்தனை சௌகரியம் கிடையாது.

நம் சென்னைக்கும் இந்தப் பித்து வந்தது. மியூஸியத்துத் தலைவர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் ஜந்துக்களைப் பற்றி 1890-இல் எழுதினார். மெரினாவில் மீன் காட்சிசாலை வேண்டுமென்றவரும் அவரே. 1909-இல் அது திறந்தது. இரண்டாவது மகாயுத்தத்தின்போது மூடிவிட்டார்கள்.

லண்டனில் மோகம் அதற்கு வெகுகாலம் முன்பே அடங்கிவிட்டது. நத்தையை மறந்து, நண்டையும் இறாலையும் ஒரே தொட்டியில் அடைத்தவர்களின் வரவேற்பறை நாறிப் போயிற்று. தொட்டியில் செத்ததற்குப் பதிலாக மறுபடி கடற்கரைக்குத்தான் ஓடினார்கள். உளியும் வாளியுமாக வந்த கூட்டம் டெவன் கரைக் குட்டைகளைச் சுரண்டித் தீர்த்தது. காஸின் மகன் எட்மண்ட், 1907-இல் வெளியான 'தந்தையும் மகனும்' என்ற புத்தகத்தில் அதை எழுதியிருக்கிறார். தந்தையோடு சிறு வயதில் குனிந்து பார்த்த குட்டைகள் அப்படியே பாழாயின. தம் புத்தகங்களே கூட்டத்தை அங்கே அழைத்து வந்தன என்று உணர்ந்த தந்தை மிகவும் வருந்தினார். அவர் 1888 வரை உயிரோடு இருந்தார். அதே கடற்கரை ஊரில்தான்.

பையன் நீல டேம்சலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டான். கந்தல் வால் மீன் பிழைத்துக்கொண்டது. அதற்கு ஒரு சின்னத் துணை தேடுகிறான். "கடலில் பிடித்ததா, தொட்டியில் பொரித்ததா?" என்று இப்போது கடைக்காரரைக் கேட்கிறானாம். போன ஞாயிற்றுக்கிழமை ஆறு நத்தைகளை மட்டும் வாங்கி வந்தான்.