ஒரு தலை, இரண்டு சம்பளம்

லண்டன் மாநகரத்தில் விடியற்காலை நேரத்து பஸ்களில் ஏறுகிறவர்களில் பலர், கனவான்கள் வந்து உட்காருமுன் ஆபீசுகளைப் பெருக்கித் துடைத்து வைக்கப் போகிறவர்கள். எட்டு மணிக்குள் அந்த வேலை முடிந்துவிடும். பிறகு சாயங்காலம் வேறோர் இடத்தில் வேறொரு வேலை. முழு உத்தியோகம் கிடைக்காதவர்கள் இரண்டு அரை உத்தியோகங்களை ஒட்டுப்போட்டு ஒரு ஜீவனமாக்கிக் கொள்கிறார்கள்.

அப்படி ஒரு பெண்மணியைக் கற்பனை செய்துகொள்வோம். காலை வேலையில் வருஷத்துக்கு 8,000 பவுன். மாலை வேலையிலும் 8,000 பவுன். அந்த நாட்டில் 2021ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், ஒருவருடைய வருமானத்தில் முதல் 12,570 பவுனுக்கு வரி கிடையாது. அதற்கு மேல் முதல் படியில் நூற்றுக்கு இருபது. இவளுடைய மொத்த வருமானம் 16,000. ஆகவே 3,430 பவுனுக்கு மட்டும் வரி. அதாவது 686 பவுன். பள்ளிக்கூடத்துப் பையன் போட்டுவிடக் கூடிய கணக்கு. ஆனால் சம்பளத்தில் அவளிடம் பிடிக்கப்படுவது 1,600 பவுன்!

யாரும் மோசடி செய்யவில்லை. இரண்டு முதலாளிகளும் சட்டத்தை அட்சரம் பிசகாமல் அனுசரித்திருக்கிறார்கள். பின் எப்படி நேர்ந்தது என்று தெரிய வேண்டுமானால், இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பிரெஞ்சுக்காரருடன் யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், 1799இல், பிரதம மந்திரி இளைய பிட் இங்கிலாந்தில் முதன்முதலாக வருமான வரி விதித்தார். வருஷத்துக்கு 60 பவுனுக்குள் சம்பாதிப்பவர் தப்பினார். 200 பவுனும் அதற்கு மேலும் உள்ளவருக்கு பவுனுக்கு இரண்டு ஷில்லிங். ஒவ்வொருவரும் தம் வருமானம் முழுவதையும் கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். ஆங்கிலேயக் கனவான்களுக்கு வந்த கோபம் தொகையைப் பற்றியதைவிட இதைப் பற்றியதுதான். கட்டிய மனைவிக்கே சொல்லாத கணக்கை எவனோ ஒரு குமாஸ்தாவிடம் சொல்வதா? 1802இல் சமாதானம் வந்ததும் வரியும் போயிற்று.

அடுத்த வருஷமே மறுபடி யுத்தம். இப்போது ஆடிங்டன் பிரதமர். இந்த மனிதரைச் சரித்திரக்காரர்கள் பெரிதாகப் பாராட்டுவதில்லை. ஆனால் வரி விஷயத்தில் அவர் பிட்டைவிடச் சமர்த்தர் என்பது என் அபிப்பிராயம். நிலம், விவசாயம், சர்க்கார் கடன்பத்திரம், வியாபாரம், உத்தியோகம் என்று வருமானத்தை ஐந்து பெட்டிகளாகப் பிரித்தார். கூடியவரையில் பணம் புறப்படும் இடத்திலேயே வரியைப் பிடித்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். குடியிருப்பவன் வீட்டுக்காரனுடைய வரியைக் கட்டிவிட்டு வாடகையில் கழித்துக்கொண்டான். ஒவ்வோர் அதிகாரிக்கும் ஒரு பெட்டிதான் தெரியும். முழு மனிதனை யாரும் பார்க்க வேண்டியதில்லை. விகிதத்தைப் பாதியாகக் குறைத்தும் வசூல் கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வந்தது.

இதில் ஒரு விலக்கு இருந்தது. 'என் மொத்த வருமானம் 60 பவுனுக்குக் குறைவு. எனக்கு வரி வேண்டாம்' என்று கேட்கிறவன் மட்டும் ஐந்து பெட்டிகளையும் திறந்து காட்ட வேண்டும். பணக்காரன் காட்ட வேண்டாம். பெரிய வருமானக்காரர்களும் மொத்தக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும் என்ற நிலை, லாயிட் ஜார்ஜ் 1909ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் மேல்வரி கொண்டுவந்த பிறகுதான் ஏற்பட்டது.

நடுவே 1816இல் வரி ரத்தாயிற்று. கணக்குப் புத்தகங்களையெல்லாம் அழிக்கும்படி பார்லிமெண்டு உத்தரவிட்டது. (பிரதிகள் வேறோர் இலாகாவில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தன!) 1842இல் ராபர்ட் பீல், மூன்றே வருஷத்துக்கு என்று சொல்லி அதை மீண்டும் கொண்டுவந்தார். அந்த மூன்று வருஷம் இன்னும் முடியவில்லை. நம் சென்னைக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. 1860இல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் வருமான வரி விதிக்கப் புறப்பட்டபோது, சென்னைக் கவர்னராயிருந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் பகிரங்கமாக எதிர்த்துப் பதவியை இழந்தார். பிற்பாடு அவரே இந்திய நிதிப் பொறுப்பேற்று வந்தார். 1865இல் அந்த வரி காலாவதியானது.

கதையின் முக்கியமான திருப்பம் இரண்டாம் உலக யுத்தத்தில் வருகிறது. யுத்தத்துக்கு முன்னால் பிரிட்டனில் வருமான வரி கட்டியவர்கள் சுமார் 40 லட்சம் பேர். யுத்தம் முடிவதற்குள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு மேல் போய்விட்டது. வாரக் கூலி வாங்கும் தொழிலாளி முதன்முறையாகப் பெருமளவில் வரி வலைக்குள் அகப்பட்டான். 1940 முதல் முதலாளியே கூலியில் பிடித்துக்கொடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். ஆனால் பிடித்தது இன்றைய கூலிக்கான வரியை அல்ல. சில மாதங்களுக்கு முன் சம்பாதித்ததற்கான வரியை. ஓவர்டைம் பார்த்த காலத்து வரி, காய்ச்சலில் படுத்து எழுந்து அரைக் கூலி வாங்கும் காலத்தில் வந்து நிற்கும்.

இதைத் தீர்க்க முன்னின்றவர்களில் ஒருவர் பால் சேம்பர்ஸ். 1937 முதல் 1940 வரை இந்திய சர்க்காருக்கு வருமான வரி ஆலோசகராக டில்லி, சிம்லா வெயிலும் குளிரும் அனுபவித்தவர். அதற்கு முன்பே இந்திய வரி விசாரணைக் கமிட்டியில் அங்கம் வகித்தவர். 'சம்பாதிக்கச் சம்பாதிக்கச் செலுத்து' என்ற புதிய திட்டம் தயாராயிற்று. 1943 செப்டம்பர் 21ஆம் தேதி நிதி மந்திரி கிங்ஸ்லி வுட் அதைப் பார்லிமெண்டில் அறிவிப்பதாக இருந்தது. அன்று காலையில் அவர் காலமாகிவிட்டார். மந்திரி போனாலும் திட்டம் நிற்கவில்லை. 1944 ஏப்ரல் 6ஆம் தேதி அமுலுக்கு வந்தது.

திட்டம் உண்மையிலேயே அழகானது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு குறி எண். அவனுக்கு எவ்வளவு வரியில்லாத் தொகை என்பதை அது காட்டும். வருஷத் தொடக்கம் முதல் இந்த வாரம் வரை எவ்வளவு சம்பாதித்தான், எவ்வளவு கட்டினான் என்று கூட்டிக்கொண்டே போவார்கள். வேலை குறைந்து கூலி இறங்கினால், கட்டிய வரியில் ஒரு பகுதியை முதலாளியே சம்பள உறையில் வைத்துத் திருப்பித் தருவார். வேலை மாறினால் ஒரு சீட்டு கூடவே போகும். சொந்தமாகக் கணக்கெழுதத் தெரியாத லட்சக்கணக்கானவர்களுக்கு வருஷக் கடைசியில் கணக்கு நேராகிவிட்டது.

ஒரு மனிதனுக்கு ஒரு நேரத்தில் ஒரு முதலாளிதான் என்ற வரையில்!

இரண்டு முதலாளிகள் இருந்தால் என்ன செய்வது? வரியில்லாத் தொகை வேலைக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. இரண்டு பேரும் அதைக் கொடுத்துவிட்டால் வரி குறைந்துபோய், பிறகு பாக்கி கேட்டுக் கடிதம் வரும். ஆகையால் ஒரு வேலையைப் 'பிரதானம்' என்று வைத்து, முழுச் சலுகையையும் அதற்கே கொடுத்தார்கள். மற்ற வேலைக்கு இன்று பெரும்பாலும் போடுவது 'பி.ஆர்.' என்ற குறி. முதல் காசிலிருந்தே நூற்றுக்கு இருபது என்று அர்த்தம்.

இப்போது நம் பெண்மணியின் கணக்குப் புரியும். காலை வேலையில் 12,570 பவுன் சலுகை. அவள் சம்பாதித்ததோ 8,000. மிச்சம் 4,570 அங்கே உபயோகமில்லாமல் கிடக்கிறது. மாலை வேலையிலோ 8,000க்கும் வரி. அதிகமாகப் போனது 914 பவுன். இரண்டு வேலையும் சேர்ந்து 12,000 பவுன்தான் என்றால், கட்ட வேண்டியது பூஜ்யம். அப்போதும் இரண்டாவது சம்பளத்தில் கை வைக்கத்தான் செய்வார்கள்.

மாடியில் இருப்பவன் கதை நேர்மாறு. பிரதான உத்தியோகத்தில் 40,000, இன்னொன்றில் 20,000 பவுன் வாங்குகிறவனுக்கு, 50,270க்கு மேற்பட்ட பகுதிக்கு நூற்றுக்கு நாற்பது விழ வேண்டும். இரண்டாவது வேலையில் 'பி.ஆர்.' குறியே இருந்தால் இருபதுதான் பிடிப்பார்கள். 1,946 பவுன் அவன் கையில் சில மாதங்கள் தங்கும். பெருக்குகிறவள் சர்க்காருக்குக் கடன் கொடுக்க, அவனுக்கு சர்க்கார் கடன் கொடுக்கிறது. இது யாரும் உத்தேசித்ததல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உத்தேசிக்காததால் அவள் வீட்டு வாடகை குறைந்துவிடவில்லையே!

'என் சலுகையை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள்' என்று கேட்டால் வரி இலாகா பிரித்துத் தரும். ஆனால் கேட்கலாம் என்று முதலில் தெரிய வேண்டும். இரண்டு இடத்திலும் சம்பளம் ஒழுங்காக வர வேண்டும். ஒரு மாதம் மணி நேரத்தைக் குறைத்துவிட்டால் பிரித்த கணக்கும் பிசகும்.

இன்னொரு வேடிக்கை, 2009 வரை இலாகாவின் பதிவேடுகள் ஆள்வாரியாக இல்லை. வேலைவாரியாக, பன்னிரண்டு பிராந்தியக் கம்ப்யூட்டர்களில் சிதறிக் கிடந்தன. ஒருத்தியின் காலை வேலை ஒரு பிராந்தியத்திலும் மாலை வேலை இன்னொன்றிலும் பதிவாகியிருந்தால் இரண்டும் ஒருவரையொருவர் அறியா. ஆடிங்டன் வேண்டுமென்று செய்த பிரிவினை, வேண்டாமலே நடந்துகொண்டிருந்தது. 2009இல் எல்லாவற்றையும் ஆளுக்கு ஒரு பதிவாகச் சேர்த்தார்கள். உடனே பூதம் கிளம்பியது. 2010 செப்டம்பரில், முந்தைய இரண்டு வரி வருஷங்களில் சுமார் 43 லட்சம் பேர் அதிகமாகக் கட்டியிருப்பதாகவும், சுமார் 14 லட்சம் பேர் குறைவாகக் கட்டியிருப்பதாகவும் இலாகா அறிவித்தது. குறைவாகக் கட்டியவர்களின் பாக்கி சராசரி 1,400 பவுனுக்கு மேல். எல்லாமே இரட்டை வேலையால் வந்தவை அல்ல. ஆனால் அதுவும் ஒரு காரணம். சம்பளத்தில் பிடித்தாயிற்று என்று நிம்மதியாயிருந்தவர்கள் வீட்டுக் கதவைத் தபால்காரர் தட்டினார்.

2013 முதல் ஒவ்வொரு சம்பளத் தேதியிலும் முதலாளி இலாகாவுக்குக் கணக்கு அனுப்பியாக வேண்டும். ஆகவே நம் பெண்மணிக்கு இரண்டு வேலை என்பதும், ஒவ்வொன்றிலும் எவ்வளவு என்பதும் இலாகாவுக்குத் தெரியும். ஆனாலும் அவளாகக் கேட்காவிட்டால், பெரும்பாலும் ஏப்ரல் 5ஆம் தேதி வருஷம் முடிந்த பிறகே இரண்டையும் கூட்டிப் பார்த்துக் கடிதம் போடுகிறார்கள். 914 பவுன் அதற்குப் பிறகுதான் வந்து சேரும்.