மாம்மன் சாண்டி

மாம்மன் சாண்டி குருதியியல் மருத்துவர், ஆய்வாளர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) 1986இல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கி, அதைத் தனித் துறையாக வளர்த்தவர். ரத்தப் புற்று, தாலசீமியா, மஜ்ஜை வறண்டுபோகும் ரத்தசோகை ஆகியவற்றுக்குப் பணக்கார நாடுகளில் நடந்த சிகிச்சையை, நிலத்தை விற்றோ நகையை அடகு வைத்தோ வரும் குடும்பத்துக்கும் செய்து காட்டியது அவர் சாதனை. பின்னர் கொல்கத்தா டாட்டா மருத்துவ மையத்தின் இயக்குநராக இருந்தார்.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் தென்னேரி போன்ற ஏரிப்பாசன ஊர்களில் ஒருவரை ‘வேலூருக்குக் கொண்டு போயிருக்காங்க’ என்றால், நோய் சாதாரணமானதல்ல என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். வாலாஜாபாத், காஞ்சிபுரம் என்று பஸ் மாறிப் போகும் தூரம்தான். ஆனால் ‘பிளட் கேன்சர்’ என்ற சொல்லோடு அங்கே போனவர் பிழைத்துத் திரும்புவார் என்ற எதிர்பார்ப்பு நாற்பது ஆண்டுகளுக்கு முன் அரிது. அது மாறியதில் சாண்டியின் துறைக்குப் பெரிய பங்குண்டு.

பயிற்சியும் தொடக்கமும்

சாண்டி மருத்துவம் படித்தது வேலூரில். குருதியியலில் சிறப்புப் பயிற்சி பெற்றது ஆஸ்திரேலியாவில், சிட்னியின் வெஸ்ட்மீட் மருத்துவமனையில். திரும்பி வந்தபின், 1986 அக்டோபரில் வேலூரின் முதல் மஜ்ஜை மாற்று நடந்தது.

இதுவே இந்தியாவின் முதல் மஜ்ஜை மாற்று என்று சிலர் எழுதுவதுண்டு, அது பிழை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1983 மார்ச்சிலேயே சுரேஷ் அத்வானி ஒரு சிறுமிக்கு அவள் சகோதரனின் மஜ்ஜையைச் செலுத்தியிருந்தார். சிறுவயதில் போலியோ தாக்கியதால் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பணியாற்றியவர் அவர். மஜ்ஜை மாற்றின் முன்னோடியான டொனல் தாமஸிடம் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பயின்றவர். தாமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. சாண்டியை அத்வானிக்குப் பின்வந்தவர் என்று சொல்வதால் அவர் மதிப்பு குறையாது. ஒரு முறை செய்துகாட்டுவது ஒரு வேலை. பதின்மூன்று ஆண்டுகள் விடாமல் செய்து, பிழைத்தவர் எத்தனை, இறந்தவர் எத்தனை, எதனால் என்று கணக்கை வெளியில் வைப்பது வேறு வேலை. சாண்டி செய்தது இரண்டாவது.

வேலூருக்கு உறுப்பு மாற்று புதிதல்ல. 1971இல் அங்கே சிறுநீரக மாற்று வெற்றிகரமாக நடந்திருந்தது. ஆனால் சிறுநீரகத்துக்கும் மஜ்ஜைக்கும் நோயெதிர்ப்பு நோக்கில் பெரிய வேறுபாடு உண்டு. சிறுநீரக மாற்றில், வந்த உறுப்பை உடம்பு தள்ளிவிடுமோ என்பதே பயம். மஜ்ஜையில் வருவது எதிர்ப்புச் சக்தியேதான். அது புது உடம்பைப் பார்த்து ‘இது யார் வீடு?’ என்று கேட்டுத் தோல், கல்லீரல், குடல் மூன்றையும் தாக்கத் தொடங்கும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை. இதை அடக்க சைக்ளோஸ்போரினையும் மீத்தோட்ரெக்சேட்டையும் சேர்த்துக் கொடுக்கும் முறையைச் சியாட்டில் குழுவினர் வெளியிட்டதும் அதே 1986இல்தான். விந்தை என்னவென்றால், அந்தப் பிடாரிதான் மருந்துக்குத் தப்பி ஒளிந்திருக்கும் புற்று செல்களையும் தேடிக் கொல்கிறது. முழுவதும் அடக்கினால் புற்று திரும்பலாம். அடக்காமல் விட்டால் நோயாளி தாங்கமாட்டார். இந்தத் துறையின் வேலை பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவே நடப்பது.

உடன்பிறப்பும் பொருத்தமும்

மஜ்ஜை பொருந்துமா என்று பார்ப்பது ரத்த வகையைக் கொண்டு அல்ல. ஆறாம் குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ. என்னும் மரபணுத் தொகுதியைக் கொண்டு. 1958இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் டௌசே இதன் முதல் தடத்தைக் கண்டார். பிள்ளைக்குத் தாயிடமிருந்து ஒரு பாதியும் தந்தையிடமிருந்து ஒரு பாதியும் வருவதால், உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. பெற்றோர் பொதுவாகப் பாதிதான் பொருந்துவர்.

இங்கே தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு ஒரு தனிக்கதை உண்டு. மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் வழக்கத்தால், தாலசீமியா போல இரு பக்கமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் நோய்கள் கூடுகின்றன. அதே உறவுமுறையால் அத்தை பிள்ளை, சித்தப்பா பிள்ளை என்று சுற்று வட்டத்தில் பொருந்துபவர் கிடைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. இதைச் சாக்காக வைத்து உறவில் மணம் முடிக்கலாம் என்று யாரும் கொள்ள வேண்டாம்; நோயைத் தந்த கை மருந்தையும் கொஞ்சம் வைத்திருக்கிறது, அவ்வளவே.

உறவினர் அறிய வேண்டிய இன்னொன்று. ஒருவருக்கு ரத்தம் தேவை என்றால் அண்ணன் தம்பி, சித்தப்பா, மாமா என்று குடும்பமே கையை நீட்டி நிற்பது நம் வழக்கம். மஜ்ஜை மாற்றுக்குக் காத்திருப்பவருக்கு இது கெடுதல். உடன்பிறந்தவரின் ரத்தம் முன்பே ஏறியிருந்தால் நோயாளியின் உடம்பு அதை எதிரியாக அறிந்து வைத்துக்கொள்ளும். பிறகு அவருடைய மஜ்ஜையையே தள்ளிவிடக்கூடும். ரத்தம் வெளியாரிடமிருந்தும் மஜ்ஜை வீட்டாரிடமிருந்தும் வரவேண்டும்.

கொடுப்பவருக்கு மயக்க மருந்து தந்து, இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் ஊசியால் குத்தி மஜ்ஜையை உறிஞ்சுவர். பார்ப்பதற்குக் கெட்டியான ரத்தம் போலிருக்கும். அறுவை, தையல் எதுவும் இல்லை. வாங்குபவருக்கு முந்தைய நாட்களில் கடும் மருந்து கொடுத்து அவருடைய மஜ்ஜையை முழுதும் காலி செய்திருப்பார்கள். பை தொங்கும், குழாய் வழியே இறங்கும், சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அன்று பூஜ்ய நாள். அதற்குப் பிறகு காற்றை வடிகட்டும் அறையில், வெள்ளையணுக்கள் தலைகாட்டும் வரை தினமும் எண்ணிக்கை பார்ப்பது ஒன்றே வேலை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு வகை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500ஐத் தாண்டி மூன்று நாள் நின்றால் மஜ்ஜை வேர் பிடித்துவிட்டது என்று பொருள். மாதங்கள் போனபின் நோயாளியின் ரத்த வகையே கொடுத்தவரின் வகையாக மாறிவிடும்.

வேலூரின் கணக்கு

1986 அக்டோபர் முதல் 1999 டிசம்பர் வரை 214 பேருக்குச் செய்த 221 மாற்றுகளின் விளைவைச் சாண்டியும் அலோக் ஸ்ரீவஸ்தவா, டேவிட் டென்னிசன், விக்ரம் மேத்யூஸ், பிஜு ஜார்ஜ் ஆகியோரும் 2001இல் வெளியிட்டனர். நோயாளிகளில் ஆண்களே மிகுதி. தாலசீமியாவும் ரத்தப் புற்றும் பையன் பெண் பார்த்து வருவதில்லை. செலவு செய்யும் வீடுதான் பார்க்கிறது. பூஞ்சைத் தொற்றோடு, மேல்நாட்டுப் பாடநூல்கள் அவ்வளவாகக் கவலைப்படாத காசநோயும் அந்த வார்டில் உண்டு.

இத்தாலியின் பெசாரோ நகரில் குய்டோ லூகரெல்லி தாலசீமியாக் குழந்தைகளை, மாற்றின் ஆபத்தைப் பொறுத்து மூன்று வகுப்பாகப் பிரித்திருந்தார். மூன்றாம் வகுப்பு மோசமானது. ஒழுங்காக ரத்தமும், ஏற்றிய ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை நீக்கும் மருந்தும் கிடைக்காத இந்தியக் குழந்தைகள் பலர் அந்த வகுப்பில்தான் விழுந்தனர். அந்த வகுப்புக்குள்ளும் ஏழு வயதோ அதற்கு மேலோ ஆகி, கல்லீரல் ஐந்து சென்டிமீட்டரோ அதற்கு மேலோ வீங்கியவர்களே மிக ஆபத்தானவர்கள் என்று 2007இல் வேலூர்க் குழு பிரித்துக் காட்டியது. அவர்களுக்கு மென்மையான முன்மருந்தைத் தேடியதும் இந்தப் பிரிப்பிலிருந்து வந்ததே.

பாஷாணம்

இக்குழுவின் பணிகளில் தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமானது பாஷாணத்தை மருந்தாக்கிய ஆய்வு. ஏபிஎல் என்ற வகை ரத்தப் புற்றில் 15ஆம், 17ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டி ஒரு கேடான புரதத்தை உண்டாக்கும். சிகிச்சை கிடைக்காவிட்டால் நோயாளி பெரும்பாலும் ரத்தம் கொட்டியே இறப்பார். சீனத்தின் ஹார்பின் மருத்துவர்கள் இதற்கு ஆர்செனிக் ட்ரைஆக்சைடு வேலை செய்வதைக் கண்டிருந்தனர். சித்த வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்பது இதைத்தான். வேலூரில் மருத்துவமனையின் மருந்தகத்திலேயே அதைக் கரைசலாக்கி, 1998 முதல் 2004 வரை புதிதாக வந்த 72 பேருக்கு, வழக்கமான கீமோவின் இடத்தில் முதல் மருந்தாகத் தனியாகக் கொடுத்தனர். 86 விழுக்காட்டினருக்கு நோய் முழுதாக அடங்கியது. விக்ரம் மேத்யூஸ் முதல் ஆசிரியராகவும் சாண்டி உடனாசிரியராகவும் 2006இல் வெளியான இந்த ஆய்வு, விலை மலிவான ஒரு மருந்து வழக்கமான கீமோ இல்லாமலே நீடித்த பலன் தரும் என்று காட்டியது. அளவு தவறினால் இதே பொருள் இதயத் துடிப்பை நிறுத்தும். வீட்டு வைத்தியத்துக்கு உரியதல்ல.

நாள்பட்ட மைலாய்டு லூகீமியா என்ற இன்னொரு ரத்தப் புற்றிலும் ஒரு மருந்து பழைய சிகிச்சையின் இடத்தைப் பிடித்தது. 2001இல் இமாட்டினிப் மாத்திரை வந்தபின் அந்நோய்க்கு மஜ்ஜை மாற்று அரிதாயிற்று. அதன் காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2013இல் அதை உறுதிசெய்தது. சில ஆயிரம் ரூபாயில் மாதம் ஓட்ட முடிந்தது அதனால்தான்.

கொல்கத்தாவும் பின்வந்தவர்களும்

வேலூர் வார்டுகளில் தமிழுக்கு அடுத்து அதிகம் கேட்கும் மொழிகளில் வங்காளம் ஒன்று. காட்பாடி ரயில் நிலையத்தில் மூட்டையோடு இறங்கி, மருத்துவமனையைச் சுற்றிய லாட்ஜுகளில் மாதக்கணக்கில் தங்கி, அறையிலேயே மீன் குழம்பு வைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் அவை. 2011இல் கொல்கத்தா ராஜர்ஹாட்டில் திறக்கப்பட்ட டாட்டா மருத்துவ மையத்துக்குச் சாண்டி இயக்குநராகப் போனபோது, நோயாளிகள் வந்த பாதையில் மருத்துவர் திரும்பிப் போனார் என்றே சொல்லலாம்.

வேலூரில் அவர் வளர்த்தவர்கள் தொடர்ந்தனர். விக்ரம் மேத்யூஸ் பின்னாளில் சி.எம்.சி.யின் இயக்குநரானார். அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையில், ஹீமோஃபீலியா உள்ள ஐந்து பேரின் சொந்தக் குருத்தணுக்களை எடுத்து, நல்ல மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்திய சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. ஐவருக்கும் ரத்தக்கசிவு நின்றிருந்தது.

மாம்மன் சாண்டிக்கு 2019இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அரசுப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே உள்ள மாநிலம் மேற்கு வங்கம்.