மது தொடாத ஈரலில் கொழுப்பு: மெக்சிகோவின் பூர்வகுடி உணவு சொல்வது என்ன?

ஸ்கேன் பார்த்த மருத்துவர் "ஃபேட்டி லிவர் இருக்கிறது" என்று சொன்னதும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி மருந்தைப் பற்றியதல்ல. "குடிக்காத ஆளுக்கு ஈரல் எப்படிக் கெட்டது?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு அஞ்சியே ரிப்போர்ட்டை வீட்டாரிடம் காட்டாமல் மறைப்பவர்கள் உண்டு. மதுவின் பக்கமே போகாத ஒருவர் மீது ஆதாரமில்லாமல் சந்தேகம் கொள்வதை மார்க்கம் அனுமதிக்கவில்லை. மருத்துவமும் அந்தச் சந்தேகத்துக்கு இடம் தரவில்லை. மதுவோடு தொடர்பில்லாமல் வரும் கொழுப்பேற்றம்தான் இன்று உலகில் மிகப் பரவலான நாட்பட்ட ஈரல் நோய். "மது சாராத கொழுப்பு ஈரல்" என்று அழைக்கப்பட்டு வந்த இதன் பெயரில் இருந்த "மது" என்ற சொல்லையும் 2023-ல் மருத்துவ அமைப்புகள் நீக்கிவிட்டன. வளர்சிதை மாற்றக் கோளாறால் வரும் ஈரல் நோய் என்பதே இப்போதைய பெயரின் பொருள்.

மது இல்லையென்றால் காரணம் என்ன? பெரும்பாலும் தட்டும் டம்ளரும்தான். சீனியில் பாதி ஃபிரக்டோஸ். அதைக் கையாளும் வேலையில் பெரும்பகுதி ஈரலின் தலையில் விழுகிறது. தேவைக்கு மிஞ்சியதை ஈரல் கொழுப்பாக்கிச் சேர்த்துக்கொள்கிறது. வயிற்றுக் கொழுப்பும் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலையும் சேர்ந்தால் இந்தச் சேமிப்பு வேகமாகும். பல ஆண்டுகள் வலியோ மஞ்சள் காமாலையோ இல்லாமலே இது நடக்கும்.

உணவு மாறினால் உடல் எப்படி மாறும் என்பதற்கு அமெரிக்கக் கண்டத்தின் பிமா மக்களே தெளிவான சான்று. ஒரே வேரிலிருந்து வந்த இவர்களில் ஒரு பிரிவினர் அமெரிக்காவின் அரிசோனாவிலும், மற்றொரு பிரிவினர் மெக்சிகோவின் மலைக் கிராமமான மய்கோபாவிலும் வாழ்கிறார்கள். அரிசோனா பிமாக்கள் ஆற்றுப் பாசனத்தில் சோளமும் பயறும் பூசணியும் விளைவித்தவர்கள். (அவர்கள் இடித்து மாவாக்கிச் சாப்பிட்ட மெஸ்கீட் காய், நம் ஊரை ஆக்கிரமித்திருக்கும் சீமைக்கருவேலத்தின் உறவு மரத்தில் காய்ப்பது.) 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறிகள் ஆற்று நீரை மேலேயே திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது. அதன்பின் அரசு கொடுத்த கோதுமை மாவும் பன்றிக் கொழுப்பும் சீனியுமே அவர்களின் உணவானது. 2006-ல் வெளியான ஒப்பீட்டில், அரிசோனா பிமாக்களில் 38 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. மய்கோபா பிமாக்களில் 6.9 சதவீதம் பேருக்கே இருந்தது. உடல் பருமனும் அங்கே மிகக் குறைவு. மய்கோபாவில் பயறும் சோள ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான் அன்றாடச் சாப்பாடு. அதோடு வயலில் உடலுழைப்பும் அதிகம். ஆகவே பாராட்டு முழுவதையும் உணவுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் "பரம்பரை, என்ன செய்வது" என்று கைவிரிக்கவும் இனி முடியாது.

ஸ்பானியர் வருவதற்கு முந்தைய மெக்சிகோ உணவு என்பது மக்காச்சோளம், பயறு, பூசணி விதை, தக்காளி, சியா விதை, நோபால் எனப்படும் சப்பாத்திக்கள்ளியின் இளம் மடல் ஆகியவை. சோளத்தை அவர்கள் சும்மா அரைப்பதில்லை. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுதும் ஊறவைத்து, தோலைக் கழுவி எடுத்த பிறகே அரைப்பார்கள். இதனால் கால்சியம் கூடுவதோடு, சோளத்தில் பூட்டிக்கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினும் விடுபடுகிறது. சோளத்தை வாங்கிச் சென்ற ஐரோப்பியர்கள் இந்தப் பக்குவத்தைக் கற்கவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த அங்குள்ள ஏழைகள் பெல்லாக்ரா நோயில் மடிந்தார்கள். உணவுப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு சமைக்கும் முறையை விட்டுவிட்டதன் விளைவு அது.

மெக்சிகோ நகரிலுள்ள தேசிய மருத்துவ, ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம் இந்தக் கலவையை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. சீனியும் கொழுப்பும் மிகுந்த தீனியால் உடல் கெட்டிருந்த எலிகளில் உடல் கொழுப்பும் ஈரல் கொழுப்பும் குறைந்தன. குடல் நுண்ணுயிர்களின் சமநிலையும் தேறியது. பருமனான எலிகளின் தீனியில் நோபாலை மட்டும் சேர்த்த வேறோர் ஆய்வில், ஈரலில் சேர்ந்த கொழுப்பு ஏறக்குறைய பாதியானது. மனிதர்களிடம் நோபால், சியா, ஓட்ஸ், சோயா சேர்த்து இரண்டு மாதம் கொடுத்த சோதனையில் இரத்தத்தின் டிரைகிளிசரைடு இறங்கியது. இதில் நார்ச்சத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நோபாலின் வழவழப்பும் சியாவின் கொழகொழப்பும் சர்க்கரை இரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்துகின்றன. பயறின் நாரைக் குடல் நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்து, உடலுக்கு உதவும் அமிலங்களாக மாற்றுகின்றன. ஆனாலும் எலி வேறு, மனிதர் வேறு. இதைச் சொல்லாமல் மறைத்து "கள்ளி கேப்சூல்" விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

இந்தப் பட்டியலில் பாதி ஏற்கெனவே நம் அடுப்பங்கரையில் இருக்கிறது. தக்காளியும் மிளகாயும் பூசணியும் மக்காச்சோளமும் அங்கிருந்து வந்தவையே. சியாவை மட்டும் சப்ஜா விதையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஃபலூடாவிலும் சர்பத்திலும் போடும் சப்ஜா வேறு செடியின் விதை. அதைச் சீனிப்பாகில் மிதக்கவிட்டுக் குடித்தால் ஈரலுக்கு என்ன லாபம்? வேலியோரச் சப்பாத்திக்கள்ளியையும் அவசரப்பட்டுப் பறிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்முட்களை நீக்கும் பக்குவம் தெரிந்தவர்களுக்கே அது உணவு. கள்ளி என்ற பெயருள்ள மற்ற செடிகள் பலவற்றின் பால் நஞ்சு.

ஈரல் கொழுப்பைக் குறைக்க உறுதியாக நிரூபிக்கப்பட்ட வழி எடைக் குறைப்பு. பருமனானவர் தம் எடையில் 5 சதவீதம் குறைத்தாலே ஈரலின் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் வீக்கமும் தணிய வாய்ப்புண்டு. 80 கிலோ எடையுள்ளவருக்கு அது 6 முதல் 8 கிலோ. இதை வாரங்களில் அல்ல, மாதங்களில் செய்ய வேண்டும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நார் மிகுந்த உணவுக்குத் திடீரென மாறினால் சர்க்கரை அளவு தாழ்ந்துபோகலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள்.

மெக்சிகோவே இன்று தன் பழைய தட்டை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. குளிர்பானம் அதிகம் குடிக்கும் நாடுகளில் அதுவும் ஒன்று. 2014-ல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டார்கள். விற்பனை குறைந்தது, வாங்குவதை அதிகம் குறைத்துக்கொண்டவை ஏழைக் குடும்பங்கள்.